மூன்று கால்களும் முந்நூறாண்டுத் தூண்களும்

உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா, பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் கிழக்குக் கரையில் வந்திறங்கினார். அன்று மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் தாமகானி அவருக்குச் சகலர் முறை. பல்லாண்டுப் பயணத்திற்குப் பின் தாயகமான மொராக்கோவுக்குத் திரும்பிய இப்னு பதூதா, தாம் கண்டவற்றை நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுதி 1355ஆம் ஆண்டில் அப்பயண நூலை நிறைவு செய்தார். புகாரா நகரத்துக் கப்ருகளின் கல்வெட்டுகளிலிருந்து எடுத்து வைத்த குறிப்புகள் கடற்கொள்ளையில் பறிபோனதை அவரே அதில் குறிப்பிடுகிறார். எழுதப்பட்டது நிலைத்தது; எழுதியும் காக்கப்படாதது அழிந்தது. அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த உண்மை மாறவில்லை.

பூமியில் பயணம் செய்து முன்னோரின் நிலைமைகளைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை நம்மை அழைக்கிறது. இன்று அவ்வாறு பயணம் செய்வோர் கையில் எழுதுகோலுக்குப் பதிலாக வீடியோ கேமரா இருக்கிறது. நம் சமுதாயத்திற்கு இது புதிய பொருளும் அன்று. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பிய சபுராளிகள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தங்கள் பெட்டிகளில் கொண்டுவந்த பொருள்களுள் ஹேண்டிகேமும் ஒன்று. 1989இல் சோனி நிறுவனம் கடவுச்சீட்டின் அளவுக்குச் சுருக்கிவிட்டதாகப் பெருமையுடன் வெளியிட்ட கேமராவின் எடை 790 கிராம். இன்று அதே பணியைச் செய்யும் சிறிய கேமராக்கள் 200 முதல் 400 கிராமுக்குள் அடங்கிவிடுகின்றன. கேமரா இளைத்துவிட்டது. படத்தின் நடுக்கம் மட்டும் தீரவில்லை.

பழைய நாடாக்களைப் போட்டுப் பார்க்கும் குடும்பங்கள் இதை அறியும். பள்ளிவாசலின் தூண் தெரிகிறது. அதன் வேலைப்பாட்டைப் பார்ப்பதற்குள் படம் வானத்திற்குப் போகிறது, பிறகு தரைக்கு வருகிறது. அன்று அங்கு நின்றவர் இன்று இல்லை. அந்தத் தூணும் சில ஊர்களில் இன்று இல்லை. ஒரு நல்ல டிரைபாட், அதாவது கேமராவைத் தாங்கும் மூன்றுகால் ஸ்டாண்டு, இருந்திருந்தால் அந்த நாடா ஓர் ஆவணமாக நின்றிருக்கும்.

எத்தகைய டிரைபாடை வாங்குவது? கடைக்காரரைக் கேட்பதைவிட நாம் செல்லும் ஊர்களைக் கேட்பது நல்லது. நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய மூன்று கடற்கரை ஊர்களும் மூன்று விதமான பாடங்களைச் சொல்லித் தருகின்றன.

நாகூர்: உயரமும் காற்றும்

நாகூர் சாகுல் ஹமீது பாதுஷா நாயகம் (ரஹ்) அவர்களின் தர்காவில் ஐந்து மினாராக்கள் உள்ளன. அவற்றுள் மிக உயர்ந்ததாகிய பெரிய மினாரா 131 அடி. 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பியது அது. ஓர் இந்து மன்னர் ஒரு முஸ்லிம் பெரியாரின் அடக்கத்தலத்திற்குக் காட்டிய மரியாதை, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வானில் நிற்கிறது.

இத்தகைய உயரத்தைப் படமெடுப்பவர் கேமராவை அடியிலிருந்து முடிவரை மெல்ல மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். கையால் செய்தால் பாதி வழியில் தோள் தளரும். டிரைபாடின் தலைப்பகுதி எத்தகையது என்பது இங்கேதான் தெரியவரும். புகைப்படக்காரர் விரும்பும் பந்துத் தலை எந்தப் பக்கமும் சட்டெனத் திரும்பும். ஒரு காட்சியை நிலையாகப் பிடிக்க அது போதும். ஆனால் அசையும் படத்திற்கு அது ஒத்துவராது. சாய்க்கும்போதே பக்கவாட்டிலும் சரிந்து மினாராவைக் கோணலாக்கிவிடும். வீடியோவுக்கு வேண்டியது, மேல்கீழ் அசைவுக்கும் இடவல அசைவுக்கும் தனித்தனி அச்சு உடைய தலை. அதிலும் உள்ளே பிசுபிசுப்பான எண்ணெய்ப் பசையின் தடையால் அசைவை மென்மையாக்கும் புளூயிட் தலையே சிறந்தது.

ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரண்டு மூன்று கிலோ எடையுள்ள கேமராக்களுக்காகச் செய்யப்பட்ட பெரிய தலைகளில், கேமரா முன்னே கவிழாதிருக்க உள்ளே ஒரு சுருள்வில் இருக்கும். நம் 300 கிராம் கேமராவை அதில் பொருத்தினால், சாய்த்த இடத்தில் நில்லாமல் வில் அதை மீண்டும் நிமிர்த்திவிடும். விலை கூடியது எல்லாம் நமக்கு ஏற்றது அன்று. சிறு கேமராவுக்கு வில் இல்லாத அல்லது மெல்லிய வில் உள்ள சிறு தலையே பொருந்தும்.

அடுத்தது காற்று. கடல் அருகில், வாடைக் காற்றும் கொண்டல் காற்றும் இக்கரைக்குப் பழகியவை. இலகுவான டிரைபாட் காற்றில் நடுங்கும். படத்தைப் பெரிதாக்கி மினாராவின் உச்சியை மட்டும் காட்ட முயன்றால் அந்த நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகும். முப்பது மடங்கு ஜூம் உள்ள கேமராவில், காலில் ஓர் எறும்பு ஊர்ந்தாற்போன்ற அதிர்வுகூடத் திரையில் நிலநடுக்கமாகத் தோன்றும். இதற்கு மருந்து எளியது. நடுத்தண்டின் கீழ்முனையில் ஒரு கொக்கி உள்ள டிரைபாடைத் தேர்ந்தெடுங்கள். பயணப் பையையோ தண்ணீர் நிரப்பிய புட்டிகளையோ அதில் மாட்டினால், ஒரு கிலோ டிரைபாட் நான்கு கிலோ டிரைபாடைப் போல் நிற்கும். சுமந்து செல்லும்போது இலகு, ஊன்றி நிற்கும்போது கனம். மாட்டிய பை காற்றில் ஊசலாடாமல் தரையை இலேசாகத் தொடட்டும்.

கந்தூரி நாள்களில் மட்டும் இந்த உபாயம் உதவாது. நெரிசலில் விரித்த கால்கள் பிறர் காலை இடறும். குழந்தைகளும் முதியவர்களும் விழ நேரிடும். மூன்று கால்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கோலைப் போல் ஊன்றிப் பிடித்துக் கொள்வதே அங்கு முறை. பாதி நடுக்கம் அதிலேயே குறைந்துவிடும்.

கீழக்கரை: கல்லும் நிழலும்

ராமநாதபுரத்திற்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்த கீழக்கரை, கிழவன் சேதுபதி காலத்தில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் ஊர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்றவர் அவ்வள்ளல். காயல்பட்டினத்தில் பிறந்து 1703இல் மறைந்த மாமேதை ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் அடங்கியிருப்பதும் இவ்வூரில்தான்.

பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் இங்குள்ள பழைய ஜும்ஆப் பள்ளி, நம் முன்னோரின் மனப்போக்கைக் கல்லில் காட்டுகிறது. வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள்; அவற்றின் மேல் போதிகைகள்; அவற்றின் மேல் தட்டையான கல் கூரை. கோயில் மண்டபம் எழுப்பிய அதே கல்தச்சர் மரபுதான் இதையும் எழுப்பியது. ஆனால் உருவச் சிற்பம் ஒன்றுகூட இல்லை. பூவும் கொடியும் கோண வடிவங்களுமே உள்ளன. தமிழ்த் தச்சரின் உளியும் இஸ்லாமியரின் ஏகத்துவக் கொள்கையும் சண்டையின்றிச் சந்தித்த இடம் இது.

இப்பள்ளிகளின் தரைப்படங்களை அளந்து வரைந்து, மெஹர்தாத் ஷொகூஹி என்ற ஆய்வாளர் 2003இல் ஆங்கிலத்தில் ஒரு பெருநூலை வெளியிட்டார். முனைவர் ஜெ. ராஜா முஹம்மது போன்ற நம்மவரும் சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதியுள்ளனர். ஆய்வாளர்கள் தங்கள் கடமையைச் செய்தனர். ஒரு தூணில் காலை வெயில் நகர்வதையும், ஒளூச் செய்துவிட்டு வரும் பெரியவரின் கை பழக்கத்தால் அத்தூணைத் தொட்டுச் செல்வதையும் நூல் காட்டாது. அதைப் பதிவு செய்ய உள்ளூர்க் குடும்பங்களால்தான் இயலும்.

கல்மண்டபத்தின் உட்புறம் நிழல் மிகுந்தது. சிறு கேமராவின் கண் சிறியது. குறைந்த ஒளியில் படம் புள்ளி புள்ளியாகும். விளக்கைப் பாய்ச்சினால் போதிகையின் மேடுபள்ளம் மறைந்து கல் சுண்ணாம்புச் சுவர்போல் வெளுக்கும். டிரைபாட் இருந்தால் ஷட்டர் வேகத்தை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, தேவையானால் இருபத்தைந்தில் ஒரு பங்கு வரை குறைத்து, உள்ள ஒளியையே பயன்படுத்தலாம். கேமரா அசையாததால் தூண் தெளிவாக இருக்கும். ஐம்பதில் ஒரு பங்கு வைத்தால் டியூப் லைட்டின் மினுமினுப்பும் படத்தில் வராது. டிரைபாடில் பொருத்தியபின் கேமராவின் நடுக்கத் தடுப்பு வசதியை அணைத்துவிடுவது பல கேமராக்களில் நல்லது. இல்லாத நடுக்கத்தைத் தேடி அது படத்தை மெல்ல நகர்த்தும்.

தூண் வரிசையை இடமிருந்து வலமாகக் காட்டும்போது அவசரம் கூடாது. ஒரு தூண் திரையின் ஓரத்தில் தோன்றி மறு ஓரத்தில் மறைய ஏழு விநாடியாவது ஆகட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் பத்து விநாடி அசையாமல் நிறுத்துங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், உயர்த்திய தண்டு மூன்று கால் பலத்தை ஒற்றைக்கால் பலமாக்கிவிடும். கால்களின் முனையில் ரப்பர் குமிழே இருக்க வேண்டும். கூர்முனை ஆணிகள் மணலுக்கு உரியவை. முந்நூறாண்டுக் கல்தளத்தில் அவை படவே கூடாது.

பள்ளியின் ஒழுக்கம் எல்லாவற்றிற்கும் முந்தியது. முத்தவல்லியிடமோ இமாமிடமோ அனுமதி பெற்று, பஜ்ரு தொழுகைக்கும் ளுஹருக்கும் இடைப்பட்ட முற்பகலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வேண்டாம். ஒருவர் தனியே நபில் தொழுதுகொண்டிருந்தாலும் அவருக்கு முன்னால் கால்களை விரிக்கக் கூடாது. பாங்கு ஒலித்தால் ஒரு நிமிடத்தில் மடங்கி மூலைக்குப் போகும் டிரைபாடே பள்ளிக்கு ஏற்ற டிரைபாட். அதனால் திருகிப் பூட்டும் கால்களைவிட, நெம்பித் திறக்கும் பூட்டுள்ள கால்கள் புதியவர்களுக்கு எளிது. பூட்டியதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் டிரைபாடை ஊன்ற முன்னனுமதி தேவை என்பதையும் நினைவில் கொள்க.

காயல்பட்டினம்: முடுக்கும் முற்றமும்

தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே அமைந்த காயல்பட்டினம் பள்ளிவாசல்கள் நிறைந்த ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தில் குதிரைகள் இறங்குவதை எழுதிச் சென்றார். அந்தப் பழைய துறைமுகத்தின் பெயரும் கடல் வாணிப மரபும் இப்பகுதியில் இன்றும் வாழ்கின்றன.

வீடுகளுக்கு இடையே முடுக்கு எனப்படும் ஒடுங்கிய சந்துகள் இவ்வூரின் தனிச் சிறப்பு. பெருந்தெருவில் இறங்காமல் பெண்கள் வீட்டுக்கு வீடு சென்றுவர அமைந்த வழிகள் அவை. வெளியூரிலிருந்து வருபவருக்கு முடுக்கின் நிழலும் சுவரும் அழகிய காட்சியாகத் தோன்றலாம். ஆயினும் கேமரா நுழையக்கூடாத இடம் அது. எதைப் பதிவு செய்யக்கூடாது என்று அறிவதும் பயண ஒழுக்கத்தின் ஒரு பாகம்.

இங்கே பதிவு செய்ய வேண்டியது பெரியவர்களின் பேச்சு. கொழும்புக்கும் அதற்கு அப்பாலும் வாணிபம் சென்ற தலைமுறையின் நினைவுகள், அரபுத்தமிழில் கடிதம் எழுதிய கைகள், கல்யாண வீட்டுப் பாட்டுகள் ஆகிய அனைத்தும் எண்பது வயதைக் கடந்தவர்களிடமே எஞ்சியுள்ளன. கேமராவைக் கையில் ஏந்தி எதிரே நிற்பவரிடம் முதியவர்கள் சாதாரணமாகப் பேசுவதில்லை; விசாரணைக்கு நிற்பவர்போல் இறுகிவிடுவார்கள். டிரைபாடில் கேமராவை வைத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்து, “அந்தக் காலத்துல கப்பல் சரக்கு எப்படி வரும், அப்பா?” என்று கேட்டால் பேச்சு தானே ஊறும். நம் கண் அவர் முகத்தைப் பார்க்கும். கேமரா தன் வேலையைப் பார்க்கும்.

இதற்கு ஆளுயர டிரைபாட் தேவையில்லை. நாற்காலியில் அமர்ந்தவரின் கண்மட்டம் ஏறக்குறைய நான்கு அடி. பாயில் அமர்ந்தவருக்கு இரண்டரை அடி. கால்களை அகல விரித்துத் தாழ இறக்கக் கூடியதாக இருந்தால் போதும்.

உருவப்படம் பற்றி நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முகத்தைப் பதிவு செய்ய விரும்பாத பெரியவரை வற்புறுத்துவது தகாது. அவரது அனுமதியுடன் கேமராவை முற்றத்துத் தூணின் பக்கமோ அவர் காட்டும் பழைய ஏட்டின் பக்கமோ திருப்பி ஊன்றிவிட்டு, குரலை மட்டும் பதியலாம். குரலும் ஏடும் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். பெரியவரின் மனமும் நோகாது. கையில் பிடித்த கேமராவால் ஒரு மணி நேரம் இப்படி நிற்க முடியுமா?

கடையில் செய்யும் சோதனை

மூன்று ஊர்களும் சொன்னதைத் தொகுத்தால், நம் பயணத்திற்கு ஏற்ற டிரைபாடின் எடை தலையுடன் சேர்த்து ஒன்று முதல் ஒன்றரை கிலோ. மடித்த நீளம் 40 முதல் 55 சென்டிமீட்டர். உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு அனுமதி பொதுவாக 7 கிலோதான். அதில் டிரைபாட் இரண்டு கிலோவைத் தின்றுவிட்டால் கீழக்கரைத் தொதலுக்கு இடம் ஏது? டிரைபாடைக் கைப்பையில் அனுமதிப்பது விமானத்திற்கு விமானம் வேறுபடுவதால் முன்கூட்டியே கேட்டறிக.

கால்கள் அலுமினியத்தாலோ கார்பன் இழையாலோ ஆனவை. கார்பன் இலகுவானது, அதிர்வையும் விரைவில் அடக்கும், விலையோ பல மடங்கு. நடுத்தரக் குடும்பத்திற்கு அலுமினியமே போதும். ஒவ்வொரு காலும் எத்தனை துண்டுகளாக நீள்கிறது என்று பாருங்கள். ஐந்து துண்டு என்றால் மடித்தால் மிகச் சிறிதாகும். ஆனால் கடைசித் துண்டு பென்சில்போல் மெலிந்து ஆடும். மூன்று அல்லது நான்கு துண்டுகளே நடுநிலை.

கடையிலேயே நான்கு சோதனைகளைச் செய்யலாம். முதலாவது, கால்களை முழுவதும் நீட்டி, மேலே உள்ளங்கையால் அழுத்தி மெல்ல முறுக்கிப் பாருங்கள். வழுக்கினாலோ நெளிந்தாலோ வேண்டாம். இரண்டாவது, உங்கள் கேமராவையே கொண்டுபோய்ப் பொருத்தி, ஜூமை முழுவதும் நீட்டி, ஒரு காலை விரலால் தட்டுங்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் படம் அடங்க வேண்டும். மூன்றாவது, கைப்பிடியைப் பிடித்து மெதுவாகத் திருப்பி விட்டுவிடுங்கள். படம் பின்னோக்கித் துள்ளினால் அந்தத் தலை உதவாது. நான்காவது, கேமரா அமரும் தட்டைப் பாருங்கள். திருகு கால் அங்குலம் என்பது உலகெங்கும் ஒரே அளவு. சில கேமராக்களின் அடியில் திருகுத் துளைக்கு அருகே இன்னொரு சிறு துளை இருக்கும். தட்டில் அதற்குரிய சிறு முளை இருந்தால், திருப்பும்போது கேமரா தட்டின்மேல் சுழன்றுவிடாது. தட்டு தொலைந்தால் மாற்றுத் தட்டு கிடைக்குமா என்பதையும் கேட்டுக் கொள்ளுங்கள். தட்டு தொலைந்த டிரைபாட் வெறும் மூன்று குச்சி.

கடற்கரையிலிருந்து திரும்பியதும் கால்களை நீட்டி, நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். உப்பும் மணலும் பூட்டுக்குள் புகுந்தால் ஓராண்டில் அது திறக்காது.

உம்ரா, ஹஜ்ஜுப் பயணத்திற்கு மட்டும் இதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அங்கே நிலைநிறுத்த வேண்டியது மனத்தை.

இன்றே செய்ய வேண்டியது

ஊர்தோறும் தொழுகையாளர் பெருகுகின்றனர். பள்ளிகளை விரிவாக்குவது தவிர்க்க இயலாதது. அதில் எவரையும் குறைகூற இயலாது. ஆனால் கல்தூணுக்கு எனாமல் பூசுமுன், கல்வெட்டின் மேல் டைல்ஸ் ஒட்டுமுன், பழைய கூரையைப் பிரிக்குமுன், ஜமாஅத்தார் ஒரே ஒரு முற்பகலை ஒதுக்கலாம் அல்லவா? ஊரில் ஒரு கேமரா நிச்சயம் இருக்கும். ஓர் இளைஞரிடம் ஒரு டிரைபாடைக் கொடுத்து, வாசலிலிருந்து மிஹ்ராபு வரை, ஒவ்வொரு தூணையும் ஒவ்வொரு எழுத்தையும் நிதானமாகப் பதியச் செய்யலாம். மூத்தவர் ஒருவர் உடனிருந்து, எந்தத் தூண் யார் காலத்தது, எந்த மூலையில் எந்த ஆலிம் பாடம் நடத்தினார் என்று சொல்லிக்கொண்டே வரலாம்.

பதிந்ததை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை நாகைக் கரையில் உயிர்களுடன் எத்தனையோ வீடுகளின் நிழற்படங்களையும் கொண்டுபோயிற்று. ஒரு பிரதி பள்ளியில், ஒரு பிரதி வெளியூரில் வாழும் உறவினரிடம் இருக்கட்டும்.

வல்ல இறைவன் நமக்குத் தந்த ஊர்களும் பெரியவர்களும் அமானிதம். அவற்றைக் கட்டிக் காக்க எல்லோராலும் இயலாது போகலாம். அசையாத ஒரு படமாகவேனும் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க ஒன்றரை கிலோ சுமையும் ஒரு முற்பகல் நேரமும் போதும். அடுத்த விடுமுறையில் பாட்டனாரின் ஊருக்குப் புறப்படும்போது, இன்ஷா அல்லாஹ், அந்தச் சிறு சுமையையும் பையில் வைத்துக் கொள்ளுங்கள்.